மேட்டுக்கும் அக்கரைக்கும் நடுவே

டாக்சி ஸ்டாண்டில் அவரைப் பொறுமை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஓட்டுநர் உரிமத்தில் இருந்தது. அதை இன்ஸ்பெக்டரைத் தவிர வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டி நின்றால்கூட ஹாரன் அடிக்காமல், அது யோசித்து ஒரு முடிவுக்கு வரும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருக்கிற மனுஷன். அவசரக்காரர்கள் அவர் வண்டிப் பக்கமே வரமாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலில் மாவுக்கட்டுப் போட்டவர்கள், மாசமாக இருக்கிறவர்கள் எல்லாம் முன்னால் நிற்கிற வண்டியை விட்டுவிட்டு அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று அவருக்கு ஒரு நல்ல பேர். ஆகவே அவர் பிழைப்பில் முக்கால்வாசி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகிற பிழைப்பு.

போவதில் ஒரு சிக்கலும் இல்லை. திரும்பி வருவதில்தான் எல்லா வம்பும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இக்கரை, சின்ன ஊர். பாலத்தைத் தாண்டினால் அக்கரை, பெரிய ஊர். இக்கரை டாக்சிகளுக்குக் கதவில் மஞ்சள் பட்டை, அக்கரை டாக்சிகளுக்கு நீலப் பட்டை. மஞ்சள் பட்டை வண்டி அக்கரைக்குப் போய் ஆளை இறக்கலாம், அங்கே ஒருத்தரையும் ஏற்றக் கூடாது. நீலப் பட்டைக்கும் இந்தப் பக்கத்தில் அதே சட்டம். யார் போட்ட சட்டமோ, அந்தப் புண்ணியவான் ஒருநாளும் டாக்சி ஓட்டியிருக்க மாட்டார். நாள் முழுக்க மஞ்சள் வண்டி காலியாக இப்படி வரும், நீல வண்டி காலியாக அப்படிப் போகும். பாலத்தின் நடுவில் இரண்டு டிரைவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். அதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

இதெல்லாம் பெட்ரோலுக்குக் கேடு என்ற அளவில் நின்றிருந்தால் பொறுமை பொறுத்துக்கொண்டிருப்பார். அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. கட்டில் விரிப்புகளையும் டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் போடுகிற பச்சை அங்கிகளையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, உலர்த்தி, பெரிய உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்க்கிற வேலை. விடியும்முன் கிளம்பிப் போவாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அக்கரை பஸ் அவளைப் பாலத்து முனை வரைக்கும் கொண்டுவந்து தள்ளிவிட்டுத் திரும்பிவிடும். அதற்கு மேல் வேற்றூர். இக்கரை பஸ் அங்கே வந்து ஆளேற்றலாம் என்று தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் அந்த பஸ்ஸுக்கு எப்போது மனசு வருமோ அப்போதுதான் வரும். பாலத்தில் நடைபாதை கிடையாது. லாரிகளுக்கு நடுவே நடந்து வர உயிர்மேல் ஆசை இல்லாதவர்களால்தான் முடியும்.

பாலத்து முனையில் இருக்கிற நிழற்குடையில் அவள் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பொறுமை பல நாள் அந்த வழியாகவே வந்திருக்கிறார். காலி வண்டியில். அவள் அவரைப் பார்ப்பாள்; நிறுத்திவிடப் போகிறாரே என்ற பயத்தில் "போங்க, போங்க" என்று கையை வீசுவாள். சொந்தப் பொண்டாட்டியை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற மனுஷனை என்ன சொல்வது? பக்கத்து வீட்டிலேயே இருந்த அவருடைய அக்கா நிறையச் சொன்னாள். இங்கே எழுதக்கூடியது கொஞ்சம்தான்.

"நாலு சக்கரம் வச்சிருக்கறவன் பொண்டாட்டி நாதியத்த மாதிரி ரோட்டுல உக்காந்திருக்கா. உனக்கெல்லாம் எதுக்குடா வண்டி? வித்துட்டு ஒரு கழுதை வாங்கு. அதுக்குப் பட்டை கிடையாது."

அக்காவுக்கு அந்தக் கோபம் இருக்க நியாயம் உண்டு. பொறுமையின் ஒரே மகள் ஆறு வயசுக்காரி. சாப்பாடு ஊட்டுவது, பாடம் பார்ப்பது, தலை பின்னுவது எல்லாம் அத்தைதான். பிள்ளை எவ்வளவு கண்ணைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாலும் அம்மா வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். காலையில் எழுந்தால் அம்மா போயிருப்பாள். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் வீட்டில் உள்ளவர்களை வரையச் சொன்னபோது அப்பாவை வரைந்தாள், அத்தையை வரைந்தாள். அம்மா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "அவங்க ஞாயித்துக்கிழமை வருவாங்க" என்றாளாம். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்குப் பொறுமைக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் முயற்சி செய்து பார்க்காமல் இல்லை. ஒருநாள் கொட்டுகிற மழையில் நிழற்குடை ஓரத்தில் நிறுத்தி, மனைவியை ஏற்றிக்கொண்டு, பாலத்தில் ஏறுவதற்குள் இன்ஸ்பெக்டர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"யாருய்யா இது?"

"என் சம்சாரம் சார்."

"மழை பெஞ்சா எல்லா டிரைவருக்கும் சம்சாரம் வந்துடறாங்கய்யா. காலையிலேருந்து நான் புடிச்சதுல நீ நாலாவது புருஷன்."

உரிம அட்டையில் ஒரு ஓட்டை போட்டார். அதுதான் அங்கே தண்டனை. மூன்று ஓட்டை விழுந்தால் அட்டையே போச்சு. இரண்டாவது ஓட்டை அக்கரைச் சந்தையில் ஒரு காது கேட்காத பெரியவரால் விழுந்தது. அவர் பாட்டுக்குக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்; இறங்குங்கள் என்று எத்தனை ஜாடை காட்டினாலும், பொறுமை நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இனி நான் செத்துக் கிடந்தாலும் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தாதீங்க. அட்டை போச்சுன்னா அவ்வளவுதான்." அவள் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் வலித்தது.

இந்த நேரத்தில்தான் இரண்டு ஊரையும் ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊரைப் பெயர்த்துக்கொண்டுபோய் எங்கும் வைக்கப் போவதில்லை, கணக்கில் சேர்ப்பது. அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் வளர்ந்து வளர்ந்து ஒன்றை ஒன்று தொட்டுவிட்டால், பேர் தனித்தனியாக இருந்தாலும் அதை ஒரே நகரப் பகுதி என்று எடுத்துக்கொள்வார்களாம். பஸ், டாக்சி, தண்ணீர், குப்பை எல்லாவற்றுக்கும் பிறகு ஒரே ஏற்பாடு. தொட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கு அளவு உண்டு. ஒரு ஊரின் கடைசிக் கட்டடத்துக்கும் அடுத்த ஊரின் முதல் கட்டடத்துக்கும் நடுவே இருநூறு மீட்டருக்குள் இருந்தால் தொட்ட மாதிரி. ஆறு இருந்தால், பாலம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் தினமும் எத்தனை பேர் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள் என்றும் கேட்பார்கள். அளவெடுக்கிற சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் தெருத்தெருவாக வந்தார்கள்.

"நீங்க தூங்கறது எந்த ஊர்ல, வேலை செய்யறது எந்த ஊர்லம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்கள்.

"தூங்கறது இந்த ஊரு. தூக்கம் கெடறதும் இந்த ஊருதான்" என்றாள் அக்கா. அதை எப்படி எழுதிக்கொண்டார்களோ தெரியாது.

ஸ்டாண்டில் இதற்கு ஒரே எதிர்ப்பு. அங்கே மீசை என்றொருவர் தலைவர் மாதிரி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மீசையே போதுமானதாக இருந்தது. "நம்ம வண்டி பதினொண்ணு. அவங்க வண்டி நூத்துக்கணக்குல. நீலப் பட்டை எல்லாம் இங்க வந்து வரிசை கட்டினா நாம விரலைச் சூப்பிக்கிட்டு நிக்கறதா?" என்று கத்தினார். எல்லாரும் கறுப்புத் துணி குத்திக்கொள்வதென்று முடிவானது. பொறுமையும் குத்திக்கொண்டார். நெஞ்சின்மேல் கறுப்புத் துணி எதிர்த்தது. உள்ளே இருந்த நெஞ்சு, சேரட்டும், சீக்கிரம் சேரட்டும் என்று அடித்துக்கொண்டது. தொழில் செய்கிற இடத்தில் கூட இருப்பவர்களுக்குத் துரோகம் நினைக்கிறோமே என்று அவருக்குக் குற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைப்பதை நிறுத்த முடியவில்லை.

ஒருநாள் காலை டீக்கடை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இக்கரை, அக்கரை, அவற்றைத் தொட்டிருக்கும் பகுதிகள் எல்லாம் இன்றுமுதல் ஒரே நகரப் பகுதி. எந்தப் பட்டை வண்டியும் உள்ளே எங்கேயும் ஆளை ஏற்றலாம். மீசை டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். பொறுமை முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார்.

அன்றைக்கு முதல் சவாரி வழக்கம்போல ஆஸ்பத்திரி. ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வாசலில் நின்றவர்கள் கையைக் காட்டினார்கள். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். ரவுண்டானா வரை வந்த பிறகுதான் உறைத்தது. அட மடையா, இனிமேல் ஏற்றலாமே! வண்டியைத் திருப்பினார். வாசலில் பிரசவமாகி வீட்டுக்குப் போகிற ஒரு பெண், அவளுடைய அம்மா, துணிக்குள் ஒரு பிடி குழந்தை. பக்குவமாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மனசுக்குள் சாயங்காலக் கணக்குப் போட்டார்: வேலை முடிகிற நேரத்துக்கு லாண்டரி வாசலிலேயே போய் நின்றுவிட வேண்டியதுதான்.

ரவுண்டானாவில் இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"சார், இன்னிக்கிலேருந்து சட்டம் மாறிடுச்சே?"

"மாறிடுச்சு. நீ எங்க ஏத்தின?"

"அக்கரை ஆஸ்பத்திரியில."

"அது அக்கரையில இல்லய்யா. மேட்டுல இருக்கு. மேடு தனி ஊர்."

ஊரே அதை அக்கரை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். வாசல் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அக்கரையில் இடம் கிடைக்காமல், ஊர் எல்லையைத் தாண்டி, குட்டைக்கும் தரிசுக்கும் அப்பால் மேடு என்ற சிற்றூரில் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். நோயோடு போகிறவர்கள் எந்த எல்லையைக் கவனித்தார்கள்? இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து உத்தரவைப் பிரித்துக் காட்டினார். இக்கரை இருந்தது, அக்கரை இருந்தது, இன்னும் சில ஊர்கள் இருந்தன. மேடு இல்லை. இத்தனை காலம் கட்டுப்பட்டு இருந்துவிட்டு, கட்டு அவிழ்ந்த முதல் நாளில் மாட்டிக்கொள்ள அவரைப் போல ஒருத்தரால்தான் முடியும்.

பின்சீட்டில் குழந்தை அழுதது. இன்ஸ்பெக்டர் அதைக் குனிந்து பார்த்தார். அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. "இவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வண்டியை வீட்ல நிறுத்திடு. அட்டை என்கிட்ட இருக்கட்டும். மூணாவது ஓட்டையை நான் போட முடியாது, மேலதிகாரிதான் போடணும். நாளைக்கு ஆபீசுக்கு வந்துடு" என்றார்.

அன்று அவர் வண்டியை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர்தான். அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, முதல் தடவையாகத் திட்டாமல் அவருக்குத் தட்டில் சோறு போட்டு வைத்தாள். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது. மகள் தூங்கிய பிறகு வந்து சேர்ந்த மனைவி, கேட்டுவிட்டு டிபன் டப்பாவைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு மழையில எனக்காக நிறுத்தினதாலதானே இது மூணாவதாப் போச்சு" என்றாள். இல்லை என்று அவர் சொன்னார். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். அட்டை போனால் அந்த வீட்டுக்கு அவள் வேலை ஒன்றுதான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் லாண்டரிக்குப் போக வேண்டியிருக்கும்.

மறுநாள் ஆபீசில் மேலதிகாரி ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடி, ஆறிப்போன டீ, சுவர் நிறைய ஒரு வரைபடம். இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொல்லி அட்டையை மேஜையில் வைத்தார். ஓட்டை போடுகிற கருவி பக்கத்திலேயே இருந்தது. பொறுமைக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"தெரியாமப் பண்ணிட்டேங்கம்மா. ஆஸ்பத்திரி அக்கரைன்னுதான் நெனச்சேன்."

"உங்களை யாரு இப்ப திட்டினாங்க? உக்காருங்க" என்றாள் அந்த அம்மாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "உத்தரவுல கடைசி வரியைப் படிச்சீங்களா?"

"'மற்றும் இவற்றைத் தொடர்ந்துள்ள பகுதிகள்'னு இருக்கு மேடம். மேடு தொடரலையே. நடுவுல குட்டை, அப்புறம் பொட்டல். முந்நூறு மீட்டருக்குக் குறையாது."

"பழைய வரைபடத்துல அப்படித்தான்."

அவள் எழுந்து சுவர்ப்பக்கம் போனாள். அக்கரையின் கடைசி வீட்டில் விரலை வைத்தாள். விரல் குட்டையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. பொட்டலில் ஏறியது. அங்கே சின்னதாக ஒரு கறுப்புக் கட்டத்தில் நின்றது.

"இது போன வருஷம் வந்த கட்டடம். கடைசி வீட்டுலேருந்து இது வரைக்கும் நூத்தி எழுபது. இங்கேருந்து ஆஸ்பத்திரி மதில் வரைக்கும் நூத்துக்கும் கொஞ்சம் மேல. ரெண்டும் இருநூறுக்குள்ள. ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டினா மேட்டு வீடுங்க வரிசையா இருக்கு." அவள் குனிந்து எழுத்தைப் படித்தாள். "சலவைக்கூடம்."

"அது லாண்டரிங்க" என்றார் பொறுமை. "என் சம்சாரம் அங்கதாங்க வேலை செய்யறாங்க."

"உனக்கு எதைக் கேட்டாலும் சம்சாரம்தானாய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். லாண்டரி முன்பு ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தது. நீராவியும் சத்தமும் நோயாளிகளுக்கு ஆகவில்லை என்று வெளியே பொட்டலில் தனியாகக் கொண்டுபோய்க் கட்டினார்கள். குட்டைக் கொசுவுக்கும் வெயிலுக்கும் நடுவே இப்படி அநாதையாகத் தள்ளிவிட்டார்களே என்று அங்கே வேலை பார்த்த பெண்கள் சபிக்காத நாள் இல்லை. அந்த அநாதைக் கட்டடம்தான் இப்போது அக்கரையையும் மேட்டையும் கைபிடித்துச் சேர்த்திருந்தது. அது மட்டும் இல்லையென்றால் ஆஸ்பத்திரியும் மேடும் வெளியேதான் நின்றிருக்கும். பொறுமையின் அட்டையும் போயிருக்கும்.

"மேடு உள்ளதான் இருக்கு. இவர் மேல தப்பு இல்ல" என்று சொல்லி அம்மாள் அட்டையை எடுத்து நீட்டினாள். "பழைய ரெண்டு ஓட்டை அப்படியேதான் இருக்கும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பொறுமைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட்டையை வாங்கினார், சட்டைப் பையில் வைத்தார், இருக்கிறதா என்று மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்பாடா, அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். இன்ஸ்பெக்டர்தான் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "நான் என்னய்யா பண்றது, எனக்குக் குடுத்த பேப்பர்ல மேடுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா என்ன, கையா தேஞ்சிடும்?" என்று அவரும் புலம்பினார். அந்தப் புலம்பலில் அவருக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

ஸ்டாண்டுக்கு வந்தால் அங்கே மீசை எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு ஒரு நீலப் பட்டைக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவன் ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டு இக்கரைச் சந்துகளில் மூன்று தடவை சுற்றி, அதே ஸ்டாண்டுக்கே வந்து நின்றிருந்தான். "இவனுங்களா நம்ம பொழப்பைக் கெடுக்கப் போறானுங்க?" என்றார் மீசை. அவர் அன்று காலையிலேயே அக்கரையிலிருந்து ஒரு சவாரியோடு திரும்பியிருந்தார். கறுப்புத் துணியைக் கழற்ற மறந்திருந்தார்.

சாயங்காலம் லாண்டரி வாசலில் மஞ்சள் பட்டை வண்டி நின்றதும் உள்ளே ஒரே கலவரம். மனைவி வேர்த்த முகத்தோடு ஓடி வந்தாள்.

"என்னங்க இது! யாராவது பாக்கறதுக்குள்ள கெளம்புங்க!"

"ஏறு. நாம உள்ளதான் இருக்கோம்."

"எதுக்குள்ள?"

அவர் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கோ புரிய வேண்டிய அவசியமே இல்லை. "ஏறுடி, உன் வீட்டுக்காரர் கூப்பிடறதுக்கே இத்தனை வருஷம் ஆச்சு, நீ ஏற இன்னும் எத்தனை வருஷம் ஆக்குவ?" என்று பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட்டார்கள். முன்சீட்டில் உட்கார்ந்தாள். ரவுண்டானா வந்ததும் சட்டென்று குனிந்து தலையை மறைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அங்கேதான் நின்றார், வண்டியைப் பார்த்தார், லாரிக்குக் கை காட்டப் போய்விட்டார். பாலத்து முனையில் அந்த நிழற்குடையைத் தாண்டும்போதுதான் அவள் நிமிர்ந்தாள். பாலத்தில் ஏறினார்கள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் இவ்வளவு மெதுவா ஓட்டறீங்க?" என்று கேட்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமை கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலுக்கு வந்ததும் அவள் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று வருஷக்கணக்காக அப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்து பழக்கம். மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு, கதவை ஒரு விரலால் தள்ளி, நுனிக்காலில் உள்ளே போனாள்.

மகள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் தலை பின்னியிருந்தது. இன்னொரு பக்கம் அத்தையின் கையில் இருந்தது. அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் கையில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"ஏம்மா திருடி மாதிரி வர்ற?"

செருப்பு இரண்டும் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தன. அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. யாரும் 'உஷ்' என்று சொல்லவில்லை.